பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த எஞ்சின் ஆயில்?

அம்பாசடரைப் பிரித்துப் பூட்டிப் பழகிய மெக்கானிக்குக்கு எம்ஜிஏ என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டைத் திறந்தால் புதுசாக எதுவும் தெரியாது. இரண்டிலும் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சின். 1955-இல் வந்த எம்ஜிஏ-வில் அது 1489 சிசி. 1950களின் கடைசியில் அம்பாசடருக்கு வந்த ஓவர்ஹெட் வால்வ் எஞ்சினும் அதே 1489 சிசிதான். எம்ஜியில் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் இருக்கும், சக்தியும் கூடுதல். ஆனால் பிளாக், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கும் இடம், அந்த அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் டேப்பட், புஷ் ராடு எல்லாம் ஒரே வம்சம். 1962-இல் எம்ஜிஏ-வின் அடுத்த மாடலான எம்ஜிபி வந்தபோது அந்த எஞ்சின் 1798 சிசி ஆகப் பெருத்தது.

பெங்களூரில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்னும் ரோட்டில் தலைகாட்டுகின்றன என்றால் அதற்கு இந்த உறவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். அல்சூர், சிவாஜிநகர், வில்சன் கார்டன் பக்கம் இருக்கும் மூத்த தமிழ் மெக்கானிக்குகள் அம்பாசடரிலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் தொழில் கற்றவர்கள். ஹெரால்டு நம் சென்னையில் தயாரான கார். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பதும் அந்தக் குடும்பத்து எஞ்சின்தான். ஆக, காரின் பெயர்தான் அயல்நாடு, எஞ்சின் நம் ஊர்க் கைகளுக்கு நன்றாகப் பழக்கமானது.

இவ்வளவு தெரிந்த ஊரிலும் ஆயில் விஷயத்தில் மட்டும் குழப்பம் தீர்வதே இல்லை. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டால் ஃபுல்லி சிந்தெடிக் 5டபிள்யூ-30 எடுத்து வைக்கிறார்கள், இதைவிட உயர்ந்தது கிடையாது என்கிறார்கள். பக்கத்துக் கடையில் டீசல் எஞ்சின் ஆயிலே போதும் என்கிறார்கள். கார் வைத்திருக்கும் நண்பர் ஜிங்க் கலந்த வெளிநாட்டு ஆயிலை வரவழைக்கச் சொல்கிறார். மெக்கானிக்கோ, “20டபிள்யூ-50 ஊத்துங்க சார், அவ்வளவுதான்” என்று முடித்துவிடுகிறார். பெரும்பாலும் மெக்கானிக் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம், அதாவது பழைய எஞ்சினுக்குக் கட்டி ஆயில் வேண்டும் என்பது, பாதிக் காரணம்தான். மீதிப் பாதி டப்பாவின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.

முதலில் அந்த எண்கள். 20டபிள்யூ-50 என்பதில் 50 என்பது சூடான ஆயிலின் கனத்தைக் குறிக்கிறது. 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு பாகாக இருக்கிறது என்று அளந்து, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அளவு) வரை இருந்தால் 30 என்றும், 12.5 முதல் 16.3 வரை 40 என்றும், 16.3 முதல் 21.9 வரை 50 என்றும் பெயர் கொடுக்கிறார்கள். முன்னால் இருக்கும் 20டபிள்யூ குளிர்காலத்துக்கான எண். அது சோதிக்கப்படும் குளிர் எவ்வளவு தெரியுமா? 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் வைத்து, எஞ்சினைச் சுழற்ற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30.

பெங்களூரில் டிசம்பர் விடியற்காலையில் 14, 15 டிகிரி இருந்தாலே ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். டெல்லியில் ஜனவரியில் 4 டிகிரிக்கு இறங்கினாலும் மைனஸ் 15 எங்கோ இருக்கிறது. ஆகவே நம் ஊர்களில் முன் எண்ணை 20-லிருந்து 5-க்கு இறக்குவதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பழைய காருக்கு லாபம் குறைவு. சில்லென்ற காலையில் ஆயில் ஓரிரு விநாடி முன்னதாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். நமக்கு முக்கியமானது பின் எண்.

பி-சீரிஸ் போன்ற எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, புதுசாக இருக்கும்போதே ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை. அறுபது வருஷம் ஓடிய எஞ்சினில் அது இன்னும் அகன்றிருக்கும். அந்த இடைவெளியில் ஆயில் ஒரு படலமாக நின்று உலோகத்தை உலோகத்தில் உரசவிடாமல் தாங்க வேண்டும். ஆயில் தண்ணீராக இருந்தால் ஓரங்கள் வழியாக வெளியே ஓடிவிடும், பிரஷர் விழுந்துவிடும். எம்ஜிபி-யின் பணிமனைக் கையேடு, சூடான எஞ்சின் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரையும், கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் 10 முதல் 25 வரையும் இருக்க வேண்டும் என்கிறது. ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினுக்கு 3,000 ஆர்பிஎம்-இல் 40 பிஎஸ்ஐ இருந்தால் நல்ல ஆரோக்கியம். உங்கள் காருக்கு என்ன கிரேடு என்று முதலில் கேட்க வேண்டியது டேஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் மீட்டரைத்தான். ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு சிக்னல் வரை மெதுவாக நகர்ந்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் காட்டும் 70, 80 எல்லாம் கணக்கில்லை.

அந்தக் காலைப் பிரஷரை நம்பித்தான் பலர் இன்னும் கட்டியான ஆயிலுக்குப் போகிறார்கள். 20டபிள்யூ-60 கூட ஊற்றுகிறார்கள். முள் மேலே ஏறுகிறது, மனசுக்குத் திருப்தி. ஆனால் பிரஷர் அதிகம் என்றால் ஆயில் ஓட்டமும் அதிகம் என்று அர்த்தமில்லை. ஆயில் பம்புக்குப் பக்கத்தில் ஒரு ரிலீஃப் வால்வ் இருக்கிறது. பிரஷர் ஒரு எல்லையைத் தாண்டினால் அது திறந்து, ஆயிலைத் திரும்ப, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்பிலேயே கொட்டிவிடும். குளிர்ந்த, மிகக் கட்டியான ஆயிலை பம்பு தள்ளும்போது பெரும்பங்கு அந்த வழியாகத் திரும்பிவிடுகிறது. மீட்டர் முழுசாகக் காட்டும், எஞ்சின் உச்சியில் வால்வ் பக்கம் இருக்கும் ராக்கர் ஷாஃப்ட் மட்டும் காய்ந்து கிடக்கும். சூடான பிறகு கையேட்டில் சொன்ன பிரஷர் 20டபிள்யூ-50-இல் கிடைக்கிறது என்றால் அதற்கு மேல் போகத் தேவையில்லை. கிடைக்கவில்லை என்றால் குறை பேரிங்கிலோ பம்பிலோ இருக்கிறது, அதை ஆயிலால் மறைக்கக் கூடாது.

அதேபோல், சமீபத்தில் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, புது பேரிங் போட்டு, எல்லாம் அளவாக இருக்கும் எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 கூட நன்றாகவே பொருந்தும். 150 டிகிரி சூட்டில் வேகமாக நசுங்கும்போது ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு தனிச் சோதனை உண்டு. அதில் 15டபிள்யூ-40-க்கும் 20டபிள்யூ-50-க்கும் குறைந்தபட்சத் தேவை ஒன்றேதான்: 3.7 சென்டிபாய்ஸ் (இதுவும் பாகுத்தன்மையின் அளவுதான்). 5டபிள்யூ-30-க்கு அது 2.9. இந்த வித்தியாசத்தில்தான் பழைய பேரிங்கின் உயிர் இருக்கிறது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற குழப்பங்கள் பாதி குறைந்துவிடும்.

இன்றைய கார்கள் பலவற்றில் கேம் ஷாஃப்ட்டின் மேல் உருளும் ரோலர்கள் இருக்கின்றன. பழைய கார்களில் ரோலர் கிடையாது. கேமின் முட்டை வடிவ மேடு, தட்டையான அடிப்பாகம் உள்ள டேப்பட்டின் மேல் நேரடியாகத் தேய்த்துக்கொண்டு போகும். தொடும் இடம் ஒரு மெல்லிய கோடுதான். வால்வ் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்தக் கோட்டில் இறங்கும், சதுர அங்குலத்துக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேலே போகும். அந்த அழுத்தத்தில் எவ்வளவு கட்டியான ஆயிலும் முழுப் படலமாக நிற்காது, பிதுங்கி வெளியே போய்விடும். அங்கே உலோகத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் ஒரு ரசாயனம். ஜிங்க் டைஅல்கைல்டைதயோஃபாஸ்ஃபேட் என்று நீளமான பெயர், பட்டறையில் ஜிங்க் என்றால் போதும். சூட்டிலும் அழுத்தத்திலும் அது உடைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி மாதிரியான மிக மெல்லிய பாஸ்பேட் பூச்சாகப் படிகிறது. தேய்மானம் அந்தப் பூச்சுக்கு. பூச்சு தேயத் தேய ஆயிலில் இருப்பது மறுபடி படிந்துகொள்ளும்.

பிரச்சினை அதில் இருக்கும் பாஸ்பரஸ். எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும் ஆயிலோடு அதுவும் புகையில் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கிறது. அதனால் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது டப்பாவில் ஏபிஐ என்று போட்டிருக்கிறார்களே அவர்கள், பெட்ரோல் எஞ்சின் ஆயில்களின் தர வரிசையில் பாஸ்பரஸைப் படிப்படியாகக் குறைத்தார்கள். எஸ்ஜே என்ற தரம் வந்தபோது 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) எல்லை. 2004-இல் எஸ்எம் வந்தபோது 600-க்குக் குறையாமல் 800-க்கு மிகாமல் என்றானது. 2010-இல் வந்த எஸ்என், 2020-இல் வந்த எஸ்பி இரண்டிலும் அதேதான். பழைய கார்க்காரர்களிடையே பெரிய பயம் பரவியது இதனால்தான்: புது ஆயிலில் சத்து இல்லை, கேம் போய்விடும் என்று.

ஆனால் அந்த 800 எல்லை எல்லா கிரேடுக்கும் கிடையாது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரியான, எரிபொருளை மிச்சப்படுத்தும் மெல்லிய கிரேடுகளுக்குத்தான் அது பொருந்தும். 15டபிள்யூ-40-க்கும் 20டபிள்யூ-50-க்கும் ஏபிஐ மேல் எல்லை வைக்கவில்லை. ஆகவே மெக்கானிக் கனத்தை நினைத்து 20டபிள்யூ-50 என்று சொன்னாலும், அந்த ஒரே தேர்வில் ஜிங்க் பிரச்சினைக்கும் பெருமளவு வழி பிறந்துவிடுகிறது. கடைக்காரர் உயர்ந்தது என்று கொடுக்கும் 5டபிள்யூ-30-இல் இரண்டும் கைவிட்டுப் போகிறது. அது மட்டமான ஆயில் என்று சொல்லவில்லை. அது தயாரிக்கப்பட்ட காருக்கு அது மிக நல்ல ஆயில். எம்ஜிக்காக அது தயாரிக்கப்படவில்லை, அவ்வளவே.

மேல் எல்லை இல்லை என்பதாலேயே கம்பெனி தாராளமாகப் போட்டிருக்கும் என்று நினைக்கவும் கூடாது. அதனால் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ஏபிஐயின் வட்ட முத்திரை இருந்தால் மேல் பாதியில் தரமும், நடுவில் கிரேடும் இருக்கும். கீழ்ப் பாதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று எழுதியிருந்தால் பழைய காருக்கு அதைத் தொட வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகள் ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு தொழில்நுட்பத் தாள் வெளியிடுகின்றன. சில தாள்களில் ஜிங்க், பாஸ்பரஸ் அளவு கொடுத்திருப்பார்கள். 1,000 முதல் 1,300 பிபிஎம் வரை பாஸ்பரஸ் இருந்தால் தட்டை டேப்பட் எஞ்சினுக்கு நிம்மதியாக ஊற்றலாம்.

கேம் தேய ஆரம்பித்தால் எப்படித் தெரியும்? அல்சூர் ஏரிக்குப் பின்னால் உள்ள ஒரு பட்டறையில் எம்ஜிபி ஒன்றுக்கு டேப்பட் அட்ஜஸ்ட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ராக்கர் கவரைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியவர் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.015 அங்குலத் தகட்டை எடுத்து ஒவ்வொரு வால்வாக நுழைத்துக்கொண்டே வந்தார். ஏழு வால்வில் தகடு லேசான பிடியோடு நகர்ந்தது. ஒன்றில் மட்டும் லொடலொடவென்று போய் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, “போன தடவைதான் சார் இதை டைட் பண்ணேன். மறுபடி லூசாயிருக்கு. மத்த ஏழும் வெச்ச எடத்துலயே இருக்கு. டிக்கியில ஆயில் டப்பா இருந்தா காட்டுங்க” என்றார். டப்பாவில் 10டபிள்யூ-30. பக்கவாட்டு மூடியைக் கழற்றி அந்த டேப்பட்டை வெளியே எடுத்து, துணியில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். அடிப்பாகத்தில் பளபளப்பு போய், புள்ளி புள்ளியாகக் குழிகள். நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. மற்றொரு டேப்பட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் முகம் பார்க்கலாம் போல் இருந்தது.

அந்தக் குழிக்கு ஆயில் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மாற்றுக்கு வரும் டேப்பட்டுகளில் சில சரியாக ஹார்டனிங் செய்யப்படாமல் வருகின்றன. புதிய கேம் போட்டவுடன் முதல் இருபது நிமிடம் எஞ்சினை ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்-க்கு மேல் ஓட்ட வேண்டும், அதைச் செய்யாவிட்டாலும் கேம் போகும். ஆனால் ஒரே வால்வ் திரும்பத் திரும்ப லூசாவது கேம் தேய்வதன் அடையாளம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர் எதிராக இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் வால்வ் மூடும்போது உட்காரும் சீட் தேய்ந்து உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு சீட்டைத் தேயாமல் காத்துவந்த, ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்ட பிறகு, சீட் மாற்றாத பழைய ஹெட்களில் இது வரக்கூடியது. அதற்கு ஆயிலால் ஒன்றும் செய்ய முடியாது.

தனியாகப் பாட்டிலில் விற்கும் ஜிங்க் கலவைகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நல்ல 20டபிள்யூ-50 கிடைக்கும்போது அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆயில் என்பது பல ரசாயனங்களைச் சமன் செய்து கலந்த கலவை. அதில் ஒன்றை மட்டும் நாமாக ஏற்றினால் சமன் கெடுகிறது. ஜிங்க் மிதமிஞ்சினால் அதுவே உலோகத்தை அரித்துக் குழி விழச் செய்யும்.

அப்புறம் டீசல் ஆயில். லாரிக்காகத் தயாராகும் 15டபிள்யூ-40, ஏபிஐயின் டீசல் தரமான சிஐ-4 வகை ஆயில்கள் எந்த பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். விலையும் கட்டுப்படியாகும். ஜிங்க் நன்றாகவே இருக்கும். இந்தியாவில் பழைய கார்க்காரர்கள் இதைப் பயன்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. டீசல் கரியைச் சமாளிக்க இவற்றில் அழுக்கு நீக்கும் டிடர்ஜென்ட் அதிகம். பல வருஷம் கவனிக்காமல் நின்ற எஞ்சினில், சம்பின் அடியிலும் ராக்கர் கவரின் உட்புறத்திலும் கறுப்பு மண்டி படிந்திருக்கும். கிணற்றில் தூர் வாரினால் தண்ணீர் கலங்குவதுபோல, இந்த ஆயில் ஊற்றியதும் அந்த மண்டி எல்லாம் கிளம்பிவிடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வ் வழியாக அழுக்கோடு பேரிங்குக்குப் போகும். அப்படிப்பட்ட எஞ்சினில் சம்பைக் கழற்றிக் கழுவிவிட்டுத்தான் இந்த ஆயிலுக்கு மாற வேண்டும். முதல் இரண்டு முறை ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றவும் வேண்டும்.

இதே காரணத்தால்தான் 1940களுக்கு முந்தைய கார்களுக்குக் கணக்கு வேறாகிறது. அவற்றில் பலவற்றுக்கு முழு ஆயிலையும் வடிகட்டும் ஃபில்டரே கிடையாது. அழுக்கு சம்பில் படிந்து கிடப்பதுதான் அங்கே பாதுகாப்பு. டிடர்ஜென்ட் இல்லாத, ஒற்றை எண் கொண்ட எஸ்ஏஇ 30 அல்லது 40 அங்கேதான் பொருந்தும். எஞ்சினை முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்திருந்தால் அதையும் மாற்றி யோசிக்கலாம்.

புல்லட்டுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 எப்படி? இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், நான் சுளிக்கவில்லை. ஜாசோ எம்ஏ (ஜப்பானியத் தரம்) முத்திரை உள்ள மோட்டார் சைக்கிள் ஆயிலில், அதே ஆயிலில் நனைந்தபடி ஓடும் கிளட்ச் வழுக்கக் கூடாது என்பதற்காக உராய்வு குறைக்கும் மருந்துகள் சேர்ப்பதில்லை. பாஸ்பரஸ் 800 முதல் 1,200 பிபிஎம் வரை இருக்க வேண்டும் என்று அந்தத் தரமே சொல்கிறது. மைசூர் போகும் வழியில் ஆயில் குறைந்துவிட்டால், பங்கில் கிடைக்கும் 5டபிள்யூ-30-ஐ விட இதில் ஒரு லிட்டர் ஊற்றுவது நூறு மடங்கு நல்லது.

சிந்தெடிக் பற்றி ஒரு வார்த்தை. சிந்தெடிக் ஊற்றினால் ஆயில் ஒழுகும் என்று சொல்வதில் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்களில் ரப்பர் சீல்கள் சுருங்கின, இன்றைய ஆயில்களில் அந்தக் குறை இல்லை. ஆனால் எம்ஜிஏ, ஆரம்பகால மூன்று பேரிங் எம்ஜிபி ஆகியவற்றின் கிராங்க் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்டில் திருகு மரை மாதிரி ஒரு வரி வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுழலும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். எஞ்சின் நின்றுவிட்டால் தள்ள எதுவும் இல்லை, மிச்சம் சொட்டும். மெல்லிய ஆயில் அதிகமாகச் சொட்டும், அதில் அதிசயம் இல்லை. அதோடு, வருஷத்துக்கு ஒருமுறை எப்படியும் கீழே இறக்கப்போகும் ஆயிலுக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பது வீண். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கும், ஆயிலே எஞ்சினைக் குளிர்விக்கும் வேலையும் செய்யும் ஏர்-கூல்டு போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் நல்ல சிந்தெடிக் 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50-க்குக் காசு கொடுப்பது தகும்.

வருஷத்துக்கு ஒருமுறை என்றேன். கிலோமீட்டரைப் பார்க்காமல் ஏன் வருஷக் கணக்கு? பெங்களூரில் இந்தக் கார்கள் ஓடும் விதம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பார்க்கைச் சுற்றி ஒரு ஓட்டம், ஒரு மசால் தோசை, வீடு. 2021-இல் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்டு விண்டேஜ் பதிவு பெற்ற கார்களைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆக ஓட்டம் இன்னும் குறைவு. குறைந்த ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி சம்பில் குளிர்ந்து தண்ணீராகத் தங்குகிறது. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஆயிலை மெல்லியதாக்கி அமிலத்தை உண்டாக்குகின்றன.

இந்த ஊரில் இன்னொரு கூடுதல் சிக்கல் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் லேசு. சென்னையில் ட்யூன் செய்து கொண்டுவந்த கார்புரேட்டர் கார் இங்கே சற்று ரிச்சாக ஓடும், அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். கூடுதல் பெட்ரோலின் ஒரு பங்கு சம்புக்கும் போகிறது. கேள்விப்பட்டிருப்பீர்கள், 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது, பழைய பெட்ரோல் பம்பின் ரப்பர் டயஃப்ரமையும் கெடுக்கும். கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் மெக்கானிக்கல் பம்பு உள்ள கார்களில் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்பில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

அதனால் மாதத்துக்கு இரண்டு முறையாவது ஒரு முக்கால் மணி நேரம் தேவனஹள்ளி பக்கமோ கனகபுரா ரோட்டிலோ நன்றாகச் சூடாக ஓட்டுங்கள். தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். மழைக்காலத்தில் காரைப் போர்த்தி நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள், எடுக்கும்போது மாற்றலாம் என்று விடாதீர்கள். அமிலம் ஊறிய பழைய ஆயில் நான்கு மாதம் பேரிங் மேல் படிந்து கிடப்பதுதான் பெரிய கெடுதல். திரும்ப எடுக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் வயரைக் கழற்றிவிட்டு, பிரஷர் மீட்டரில் முள் அசையும் வரை செல்ஃப் அடித்து, அப்புறம் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். எம்ஜிபி-யின் பிந்தைய மாடல்கள் சிலவற்றில் ஃபில்டர் தலைகீழாக நிற்கும். நின்றவுடன் ஆயில் கீழே இறங்கிவிடும், ஆகவே ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வால்வ் உள்ள ஃபில்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கிரேடு, எந்தத் தரம் என்று இவ்வளவு பார்த்துவிட்டுப் போலி ஆயிலை வாங்கினால் எல்லாம் பாழ். பேர்போன பிராண்டுகளின் காலி டப்பாக்களில் மறுசுத்திகரிப்புகூடச் செய்யாத கழிவு ஆயிலை ஊற்றி விற்கும் கூட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். மூடியின் சீலைப் பாருங்கள், தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றி முடித்ததும் டப்பாவை ஒரு கத்தியால் கீறிவிட்டுக் குப்பையில் போடுங்கள், அந்த டப்பா வேறு யாரையும் ஏமாற்றாது. இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் விடாமல் டின்னில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் உரிமம் உள்ளவர்களிடம் சேரும்படி பட்டறையில் கொடுங்கள்.

கடைசியாக எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் கியர்பாக்ஸுக்கும், அதோடு சேர்ந்த கூடுதல் வேக கியரான ஓவர்டிரைவுக்கும் கையேடு சொல்வது கியர் ஆயில் இல்லை, இதே 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான். ஓவர்டிரைவுக்குள் கோன் கிளட்ச் இருக்கிறது, உராய்வு குறைக்கும் மருந்து சேர்த்த ஆயில் ஊற்றினால் அது வழுக்கும். கடையில் பழக்கதோஷத்தில் ஜிஎல்-5 கியர் ஆயிலை எடுத்துக் கொடுப்பார்கள், அதில் இருக்கும் கந்தகம் கியர் மாற்றத்தைச் சுலபமாக்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரித்துவிடும். எஞ்சினுக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும், ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸுக்கு மூன்று லிட்டருக்கு மேல். ஆகவே ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதாது, ஒரே பேட்ச் எண் உள்ளதாகப் பார்த்து இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் நிரப்பிய பிறகு மிச்சம் இருப்பதை டிக்கியில் வைத்துக்கொண்டால், அந்தப் பின்பக்கச் சொட்டுக்கு அவ்வப்போது ஊற்ற உதவும்.